பழைய இத்தாலியக் கைத்துப்பாக்கிகளின் காலம் அறிதல்

கல்வெட்டின் காலத்தைக் கணிக்கும் அறிஞர் அதிற் கூறப்படும் மன்னன் பெயரையும் ஆட்சியாண்டையும் முதற்கண் நோக்குவர். பின்னர் எழுத்தின் வடிவை ஆராய்வர். இரும்பிற் பொறித்த எழுத்துக்கும் இம்முறை பொருந்தும். இத்தாலியப் படையினர் கையாண்ட பழைய கைத்துப்பாக்கிகள் இதற்குத் தக்க சான்றாகும். அவற்றுள் ஒன்று இந்திய வரலாற்றிற் குருதிக் கறை படியச் செய்தது. ஆகவே, அவற்றை இனங்காணும் முறை பழம்பொருள் தொகுப்போர்க்கு மட்டுமன்றி வரலாறு கற்போர்க்கும் பயன்படுவதாகும்.

வடிவால் அறிதல்

முதலில் காணத்தக்கது 1889ஆம் ஆண்டு வகையான 'பொதேயோ' சுழல் துப்பாக்கி. ஆறு தோட்டாக்கள் கொள்வது; குழலின் விட்டம் பத்து மில்லிமீட்டருக்குச் சற்று மிகுதி. படைவீரர்க்கு உரியதில் குழல் எண்கோண வடிவினது. விசையைச் சுற்றிக் காப்பு வளையம் இல்லை, விசையே மடங்கிக்கொள்ளும். அதிகாரிகளுக்கு உரியதில் குழல் உருண்டையானது; காப்பு வளையமும் உண்டு.

அடுத்தது 1910ஆம் ஆண்டு வகையான 'கிளிசென்டி'. இதன் உடற்பகுதியின் இடப்புறம் கழற்றக்கூடிய ஒரு தகடாக அமைந்துள்ளது. துப்புரவு செய்ய எளிது; ஆனால் உறுதி குறைவு. இதற்கென வகுத்த தோட்டா அளவில் செர்மானிய 'பாரபெல்லம்' தோட்டாவை ஒத்தது. அதில் அடைத்த மருந்தோ வலிமை குறைந்தது. அளவு ஒத்திருப்பதால் செர்மானியத் தோட்டா இதிலும் நுழையும். நுழைவதெல்லாம் பொருந்துவதாகாது, அவ்வாறு சுட்டால் துப்பாக்கி சிதைந்து சுடுபவரையே ஊறுபடுத்தக்கூடும். எனவே ஒரு துப்பாக்கியின் வகையைப் பிழையாக அறிதல் உயிருக்கே கேடாகலாம்.

மூன்றாவது 'பெரெட்டா' வரிசை. இதனை வகுத்தவர் துல்லியோ மாரெங்கோனி. 1915ஆம் ஆண்டு வகையில் சுத்தி உள்ளே மறைந்திருக்கும். 1923, 1934ஆம் ஆண்டு வகைகளில் சுத்தி பின்புறம் வெளியே தெரியும். 1934ஆம் ஆண்டு வகை ஒன்பது மில்லிமீட்டர் குறுந்தோட்டா ஏழு கொள்வது. 1935ஆம் ஆண்டு வகை தோற்றத்தில் அதனை ஒத்தது, ஆனால் 7.65 மில்லிமீட்டர் தோட்டா எட்டுக் கொள்ளும்.

எழுத்தால் அறிதல்

1934ஆம் ஆண்டு வகையின் மேலுறையில், இடப்புறத்தே, தொழிலகத்தின் பெயரும் கார்தோனே என்னும் ஊர்ப்பெயரும் ஆண்டும் பொறிக்கப்பட்டிருக்கும். '1937' என்பதை அடுத்து உரோம எண்ணில் 15 என்றிருப்பின், அது வரிசை எண்ணன்று; பாசிச ஆட்சியாண்டு. முசோலினியின் கட்சியார் உரோமாபுரி மீது படையெடுத்ததைத் தொடக்கமாகக் கொண்டு, 1922 அக்டோபர் 29 முதல் அவ்வாண்டு எண்ணப்பட்டது. சோழர் கல்வெட்டுகளில் மன்னனுக்கு 'யாண்டு' கூறும் வழக்கினை இது நினைவூட்டும்.

கணக்கு எளிது. உரோம எண்ணுடன் 1922ஐக் கூட்டினால் அவ்வாட்சியாண்டின் பெரும்பகுதி அமைந்த ஆங்கில ஆண்டு கிடைக்கும். 15ஐக் கூட்ட வருவது 1937. ஆனால் ஆட்சியாண்டு அக்டோபர் இறுதியில் மாறுவதால், 1937இன் கடைசி இரு திங்களும் 16ஆம் ஆண்டைச் சாரும். ஆதலின் 1937உடன் 15 அல்லது 16 வரலாம். 19 வருமாயின் ஐயுறல் வேண்டும். எழுத்தை அழித்து மீளப் பொறித்தோர் இக்கணக்கில் தடுமாறியிருக்கக்கூடும்.

உடற்பகுதியிலுள்ள எழுத்துகள் துப்பாக்கி எப்படைக்கு உரியது எனக் காட்டும். 'ஆர்.இ.' என்பது அரசத் தரைப்படை, 'ஆர்.எம்.' கடற்படை; 'ஆர்.ஏ.' வான்படை, 'பி.எஸ்.' காவல்துறை. முதல் மூன்றிலும் உள்ள 'ஆர்' அரசனைக் குறிப்பது. 1946இல் இத்தாலி குடியரசாகியதால், அதன் பின் பிறந்த துப்பாக்கிக்கு இவ்வெழுத்து பொருந்தாது.

மயக்கம் தரும் குறிகள்

போருக்குப் பின்னர், 1954 முதல், இத்தாலியச் சோதனைச் சாலையும் ஆண்டினைக் குறிக்க உரோம எண்களை வழங்கியது. ஆனால் அதன் கணக்கு வேறு. அங்கே உரோம 20 என்பது 1964ஐக் குறிக்கும். பாசிசக் கணக்கில் அதே 20 என்பது 1941 அக்டோபர் முதல் 1942 அக்டோபர் வரையிலான காலம். ஆங்கில ஆண்டுக்கு அருகே வருவது முன்னைய கணக்கு. சோதனை முத்திரைகளோடு வருவது பின்னையது. இடம் நோக்கியே எண்ணைப் படித்தல் வேண்டும்.

பொறித்தது அனைத்தும் மெய் என்று கொள்வதற்கும் இல்லை. 1915ஆம் ஆண்டு வகையில், பெரெட்டா தொழிலகம் 1680இல் நிறுவப்பட்டது என்ற வாசகம் காணப்படும். ஆனால் வெனிசு நகரப் படைக்கலச் சாலைக்கு 185 துப்பாக்கிக் குழல்கள் விற்றதற்கான 1526ஆம் ஆண்டுச் சான்று பின்னர் அறியப்பட்டது. அக்காலத்தார் அறிந்த அளவையே இரும்பு கூறிற்று.

ஒரு துப்பாக்கியின் எண்

1948 சனவரி 30 அன்று தில்லியில் காந்தியடிகளைக் கொன்றது 606824 என்ற எண்ணுடைய பெரெட்டா. அது குவாலியரில் பெறப்பட்டதென வழக்கிற் கூறப்பட்டது. எத்தியோப்பியப் போரில் ஓர் இத்தாலிய அதிகாரியிடம் இருந்ததாகப் பிற்காலத்தார் எழுதியதும் உண்டு. இவற்றுள் எண் துப்பாக்கியைப் பிறவற்றினின்று பிரித்துக் காட்டும். ஆண்டும் எழுத்தும் அது எப்போது, எப்படைக்கெனச் செய்யப்பட்டது என்று சொல்லும். இடையில் எவர் கைகளில் இருந்தது என்பதை எந்த முத்திரையும் சொல்லாது. அதற்கு ஏடுகளும் சாட்சியுமே வேண்டும்.

ஆகவே ஆராய்வோர் பழைய இரும்பைத் தேய்த்து மெருகிடலாகாது. மங்கிய எழுத்தே அதன் சான்றிதழ். மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் உரிமமின்றித் துப்பாக்கி வைத்திருத்தல் கடுங்குற்றமாதலின், இக்கலையை இங்குள்ளோர் படங்களையும் அருங்காட்சியகங்களையும் கொண்டு கற்பதே முறை. வடிவம், எழுத்து, ஏடு ஆகிய மூன்றும் ஒத்துவருமிடத்து மட்டுமே காலத்தைத் துணிந்து கூறலாம்.