பிக்கப்புக்கு மட் டயர் வேணுமா? திண்டுக்கல் ரோட்டை வைத்து ஒரு கணக்கு

பிக்கப் வைத்திருப்பவர்களுக்கு டயர் மாற்றும் காலம் வந்தால் ஒரு ஆசை எட்டிப் பார்க்கும். கட்டை கட்டையாக ரப்பர் துருத்திக்கொண்டு நிற்கிற மட் டயர், அதாங்க பட்டன் டயர், அதைப் போட்டுவிட்டால் என்ன? பார்க்க முரட்டுத்தனமா இருக்கு, வீடியோவில் சேற்றைக் கிழித்துக்கொண்டு போகுது, அப்போ நல்லா உழைக்கும்தானே?

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். திண்டுக்கல் சமவெளியில் சரக்கு ஏற்றி ஓடுகிற பெரும்பாலான பிக்கப்புகளுக்கு மட் டயர் தேவையில்லை. போட்டால் சாதாரண டயரைவிடச் சீக்கிரம் தேயும். ஏனென்றால் இந்த ஊரில் டயரைக் கொல்வது சேறு இல்லை.

இங்கே வருஷ மழை 800 மி.மீ.யை ஒட்டித்தான் பெய்கிறது. அதிலும் பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகையை ஒட்டிய வாரங்களில் கொட்டித் தீர்த்துவிடும். மற்ற மாதங்களில் டயர் சந்திப்பது காய்ந்த செம்மண், அதில் துருத்திக்கொண்டிருக்கும் கல், ஜல்லி கொட்டி மூடாமல் விட்ட பாதை, வேலி ஓரம் உதிர்ந்து கிடக்கும் சீமைக்கருவேல முள், அப்புறம் சித்திரை வெயிலில் கொதிக்கிற தார். ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டுக்குக் காய்கறி கொண்டுபோகும் வண்டியையே எடுத்துக்கொள்ளுங்கள். தோட்டத்திலிருந்து மெயின் ரோடு வரை ஒன்றிரண்டு கிலோமீட்டர் மண் பாதை. அதன்பிறகு மார்க்கெட் வரைக்கும் தார்தான். அந்த ஒன்றிரண்டு கிலோமீட்டருக்காக மீதி தூரம் முழுக்க மட் டயரைத் தேய்க்கிறோம்.

மட் டயர் எப்படி வேலை செய்கிறது என்று பார்த்தால் இது புரியும். அதன் ரப்பர் கட்டைகளுக்கு நடுவே அகலமான இடைவெளி இருக்கும். சேறு அந்த இடைவெளியில் புகும், கட்டை மண்ணைக் கடிக்கும், சக்கரம் சுற்றும் வேகத்தில் ஒட்டிய சேறு வெளியே வீசப்பட்டு, அடுத்த சுற்றுக்கு இடைவெளி காலியாக இருக்கும். சூட்சுமமே அந்த வீசி எறிவதில்தான் இருக்கு. சக்கரம் மெதுவாகச் சுற்றினால் சேறு கழலாது. பழனி, ஒட்டன்சத்திரம் பக்கம் இருக்கும் கரிசல் திட்டுகளில் இதைப் பார்க்கலாம். நனைந்த கரிசல் களிம்பு மாதிரி அப்பிக்கொள்ளும். முழு லோடோடு நடை வேகத்தில் ஊர்கிற, பின்சக்கரம் மட்டுமே இழுக்கிற பிக்கப்பில், எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய மட் டயரும் நாலு சுற்றில் இடைவெளி அடைபட்டு உருண்டையாகிவிடும். நாலு சக்கர இழுவை இல்லாத வண்டிக்கு மட் டயர் பாதி வைத்தியம்தான்.

அதே இடைவெளி தார் ரோட்டில் எதிரியாகிறது. ரோட்டைத் தொடும் ரப்பரின் பரப்பு குறைவு, ஆகவே ஒவ்வொரு கட்டையும் தாங்கும் எடை அதிகம். உயரமான கட்டை ஒவ்வொரு சுற்றிலும் வளைந்து நிமிரும், சூடாகும், ஓரம் சாய்ந்து தேயும். கூர்மையான கல்லில் வழுக்கிச் சுழன்றால் கட்டையின் மூலை பிய்ந்து வரும். இரைச்சலும் கூடுதல் டீசல் செலவும் தனி. இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். நனைந்த தாரில் பிரேக் பிடிக்கும் தூரம் கூடுவதைப் பொறுக்க முடியாது. பாச்சலூரிலிருந்து வடகாடு வழியாக ஒட்டன்சத்திரத்துக்கோ, தாண்டிக்குடியிலிருந்து வத்தலக்குண்டுக்கோ மழையில் லோடோடு இறங்குகிறவருக்கு அந்த நாலைந்து மீட்டர் என்னவென்று தெரியும்.

அப்போ உழைக்கிற டயரை எதை வைத்துக் கண்டுபிடிப்பது? டயரின் பக்கச்சுவரில் எழுதியிருப்பதை வைத்துத்தான்.

கடையில் பலரும் தாண்டிப் போகிற ஒரு எண் இருக்கிறது. 215/75 ஆர்15 என்ற அளவுக்குப் பின்னால் 100, 108 என்று ஏதாவது போட்டு ஒரு எழுத்தும் இருக்கும். எழுத்து வேகத்துக்கு. எண்தான் அந்த டயர் தாங்கும் எடைக்கான குறியீடு. 100 என்றால் 800 கிலோ, 104 என்றால் 900, 108 என்றால் 1000, 116 என்றால் 1250. ஒரு கணக்குப் போடுவோம். வண்டியும் சரக்கும் சேர்ந்து 3 டன் என்று வையுங்கள். லோடு ஏற்றினால் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு பின் அச்சில் உட்காரும். அதாவது 2 டன், டயருக்கு 1000 கிலோ. 108 போட்டிருந்தால் சரியாக விளிம்பில் நிற்கிறோம். "இன்னும் பத்து மூட்டைதானே" என்று அரை டன் கூட ஏற்றினால் அது அநேகமாக முழுக்கப் பின்னால்தான் போகும். இப்போ டயருக்கு 1250 கிலோ. 108 எண் டயர் தன் சக்திக்கு மேல் கால் பங்கு சுமக்கிறது.

ஜீப்புக்கும் எஸ்.யு.வி.க்கும் செய்யப்பட்ட சில மட் டயர்கள் பார்க்க மிரட்டலாக இருந்தாலும் எடை எண் 104, 105-லேயே நின்றுவிடும். சரக்கு வண்டிக்கென்று வருகிற, பார்க்கச் சாதுவான டயர் அதைவிட அதிகம் தாங்கும். முரட்டுத் தோற்றத்துக்கும் தாங்கும் சக்திக்கும் சம்பந்தமே இல்லை! பக்கத்தில் 8 பிஆர், 12 பிஆர் என்று இருப்பதையும் பாருங்கள். அந்தக் காலத்தில் அது உள்ளே இருக்கும் துணி அடுக்கின் எண்ணிக்கை. இப்போது பலத்துக்கான தரம் மட்டும்தான், டயரை அறுத்துப் பார்த்தால் அத்தனை அடுக்கு இருக்காது. இந்த எண்கள் எல்லாமே குறிப்பிட்ட காற்று அழுத்தத்தில்தான் செல்லும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். காற்று குறைந்தால் தாங்கும் எடையும் குறைந்தது.

அடுத்தது நைலானா, ரேடியலா. ரேடியல் சூடு குறைவு, தாரில் அதிகம் உழைக்கும், டீசலும் மிச்சம். ஆனால் அதன் பக்கச்சுவர் மெலிசு. அங்கே கல் கிழித்தால் ஒட்டுப் போட்டு ஓட்டக்கூடாது, டயரே போச்சு. நைலான் டயரின் பக்கச்சுவர் தடிமன், கல்லைத் தாங்கும். கல் குவாரிக்குள்ளேயே நாள் முழுக்கக் கிடக்கிற வண்டிக்கு நைலான் இன்றும் நியாயமான தேர்வுதான். பாதிக்கு மேல் தார் என்றால் ரேடியல். எதுவானாலும் ஒரே அச்சில் ஒன்று நைலான், ஒன்று ரேடியல் என்று கலக்கவே கூடாது.

பட்டனைப் பொறுத்தவரை நம்ம லாரிக்காரர்கள் ரொம்ப நாளாகச் செய்வதே நல்ல வழி. முன்னால் நீளவாட்டில் கோடு போட்ட ரிப் டயர், பின்னால் குறுக்குக் கட்டை வைத்த லக் டயர். திருப்புவதற்கு ரிப், இழுப்பதற்கு லக். லக் என்பது மட் டயர் அளவுக்கு இடைவெளி இல்லாத, தாரிலும் தாக்குப்பிடிக்கிற பட்டன். நாலும் ஒரே மாதிரி வேண்டும் என்றால் ஆல் டெரெய்ன் என்று கேளுங்கள், எடை எண் பொருந்தினால்.

மட் டயர் யாருக்கு? கீழ்ப்பழனி மலையில் காபித் தோட்டத்துக்குள் மழை மாதங்களில் தினமும் ஏறி இறங்குகிற நாலு சக்கர இழுவை ஜீப்புக்கு, சந்தேகமே இல்லாமல். (சிறுமலையில் தோட்டத்துப் பாதையில் வாழைத்தாரும் எலுமிச்சையும் குதிரை முதுகில் வந்த கதை தெரியும்தானே. சில பாதைக்கு எந்தக் கம்பெனி டயரும் பதில் இல்லை.) சமவெளிக்காரர் அந்த நாலு வார மழையை வேறு விதமாகச் சமாளிக்கலாம். காலி வண்டியில் பின்பக்கம் எடை இல்லாததால்தான் சக்கரம் வழுக்கும், ரெண்டு மணல் மூட்டை போட்டாலே பிடி கிடைக்கும். மாட்டிக்கொண்டால் காற்றைக் கொஞ்சம் இறக்கி வெளியே வரலாம். ஆனால் தார் ஏறியதும் மறுபடி நிரப்ப வேண்டும், பேட்டரியில் ஓடுகிற சின்ன பம்பு ஒன்று கேபினில் கிடக்கட்டும்.

பெரிய சைஸ் போடும் ஆசைக்கும் ஒரு கணக்கு. 215/75 ஆர்15 டயரின் உயரம் சுமார் 703 மி.மீ., 235/75 ஆர்15 சுமார் 733. நாலு சதவீதத்துக்கு மேல் வித்தியாசம். மீட்டர் 60 காட்டும்போது வண்டி 62.5-ல் போகும். அதே அளவுக்கு இழுவையும் குறையும், மேட்டில் கிளட்ச்தான் பதில் சொல்லும். கம்பெனி அனுமதிக்காத சைஸ் என்றால் எஃப்.சி.யின்போது கேள்வியும் வரும்.

உழைப்பைக் கூட்ட இன்னொரு வழி ரீட்ரெடிங். எம்.ஆர்.எஃப். கம்பெனியே டயர் செய்வதற்கு முன்னால், 1952-ல் ட்ரெட் ரப்பரில்தான் இறங்கியது. பலூனிலிருந்து ரப்பருக்கு வந்த கதை அது. உள்கூடு நன்றாக இருந்தால் மேலே புது ரப்பர் கட்டிப் பின்சக்கரத்தில் ஓட்டலாம், முன்சக்கரத்தில் வேண்டாம். அதற்கு டயரை மொட்டையாகும்வரை ஓட்டக்கூடாது. சட்டப்படி 1.6 மி.மீ. பள்ளம் இருந்தாக வேண்டும், கட்டுவதற்குக் கொடுப்பவர் அதற்கு முன்னாலேயே கழற்றிவிடுவது உத்தமம். அதிக லோடில், காற்று குறைந்து ஓடிய டயரின் உள்கூடு வெந்து போயிருக்கும், அதைக் கட்டுவது வீண் செலவு.

வாங்கும்போது பக்கச்சுவரில் நாலு இலக்கத் தேதியைத் தேடுங்கள். 2324 என்றால் 2024-ஆம் வருஷம் 23-ஆவது வாரம் செய்தது. ரெண்டு வருஷமாகக் கடையில் கிடந்ததைப் புதுசு விலைக்குக் கொடுத்தால் பேரம் பேசுங்கள். ஸ்டெப்னியின் தேதியையும் எடை எண்ணையும் அப்போதே குனிந்து பார்த்துவிடுங்கள். நாலு சக்கரத்துக்கும் 108 போட்டுவிட்டு அடியில் பழைய 100 தொங்குகிற வண்டிகள் நிறைய.