உங்களுக்குத் தெரியுமா? மஞ்சள் அட்டையே ஓர் அறிவிப்பு

பாரிஸிலிருந்து வரும் 'கையே து சினிமா' இதழின் முதல் பிரதி 1951 ஏப்ரலில் வெளியானது. மஞ்சள் அட்டை, அதில் ஒரே ஒரு கறுப்பு வெள்ளைப் படம்: பில்லி வைல்டரின் 'சன்செட் பூலவார்ட்' படத்தில் குளோரியா ஸ்வான்சன். அந்த மஞ்சள் புதிய யோசனை அல்ல. 1949இல் நின்றுபோன 'ரெவ்யூ து சினிமா'வின் அட்டையும் மஞ்சள்தான். அதன் ஆசிரியர் ழான் ஜார்ஜ் ஓரியோல் 1950இல் காலமாகியிருந்தார். புதிய இதழ் அவர் நினைவுக்கே காணிக்கையானது. யாருடைய வாரிசு என்பதை நிறமே சொல்லிவிட்டது.

1964இல் இதழ் பதிப்பாளர் டேனியல் ஃபிலிப்பாச்சியின் கைக்கு மாறியது. அந்த நவம்பரிலிருந்து அளவும் வடிவமைப்பும் மாறின, மஞ்சள் போயிற்று. முந்தைய இதழ்களைச் சினிமா ஆர்வலர்கள் இன்றும் 'மஞ்சள் கையே' என்றே அழைக்கிறார்கள்.

இன்னொரு சங்கதி. இதழ்களில் நாம் பார்க்கும் ஸ்டில் பெரும்பாலும் படச்சுருளிலிருந்து வந்ததல்ல; படப்பிடிப்பில் ஸ்டில் போட்டோகிராபர் தன் கேமராவில் தனியாக எடுத்தது. எனவே கோணமும், சில சமயம் நடிகர் நிற்கும் இடமும்கூடத் திரையில் வருவதிலிருந்து வேறுபடும். ஒரு ஷாட்டின் அமைப்பை அலசும் கட்டுரைக்குப் பக்கத்தில் அதை வைத்தால், எழுத்து சொல்வதைப் படமே மறுத்துவிடும். அங்கே படச்சுருளின் பிரேமையே பெரிதாக்கி, ஓரம் வெட்டாமல் அச்சிடுவதுதான் நியாயம், சற்று மங்கலாக இருந்தாலும்.