அறிந்து பெறுக இணையம்

வாங்கும் பொருளைச் சோதித்துப் பார்த்து வாங்குவது நம் மக்களின் பழக்கம். மண்பானையைத் தட்டி ஓசை கேட்பர். தேங்காயைக் குலுக்கி நீரின் அளவை அறிவர். விதைநெல்லை உப்புநீரில் இட்டுப் பதரை நீக்குவர். கண்ணுக்குப் புலப்படாத அலையாக வீட்டிற்குள் வரும் இணையத்தை எவ்வாறு சோதிப்பது? எந்நிறுவனத்தின் சேவையை, எத்தகைய கருவியைத் தேர்ந்தெடுப்பது? இவ்வினாக்களுக்கு விடை காண்பதே இப்பாடத்தின் நோக்கம்.

ஒற்றை அலைபேசி

ஒரு வீட்டை எண்ணிப் பாருங்கள். அவ்வீட்டில் இணைய வசதியுள்ள அலைபேசி ஒன்றே. அது தந்தையின் கையில் இருக்கிறது. அவர் இரவுப் பணிக்குப் புறப்பட்டதும் வீட்டின் இணையமும் அவரோடு புறப்பட்டுவிடுகிறது. பன்னிரண்டாம் வகுப்பு முடித்த மகள் கல்லூரிச் சேர்க்கைக்கு விண்ணப்பிக்க வேண்டும். சான்றிதழ்களைப் பதிவேற்ற அன்றே இறுதிநாள். அரசு வழங்கிய மடிக்கணினி மேசைமேல் இருக்கிறது. அதனை உலகோடு இணைக்கும் அலைதான் இல்லை.

இது கற்பனை வீடே. எனினும், 2020ஆம் ஆண்டில் பெருந்தொற்றால் பள்ளிகள் மூடப்பட்டபோது, மலையூர் மாணவர்கள் அலை கிடைக்கும் இடம் தேடிப் பாறைமீதும் மரத்தின்மீதும் ஏறிப் பாடம் கேட்டதை நாடறியும். வீட்டிற்கென ஓர் இணைய இணைப்பு இன்று கல்வியின் கருவிகளுள் ஒன்றாகிவிட்டது.

இரண்டு அலைகள்

கண்ணாடி இழை வடம் சென்றடையும் தெருக்களில் அதுவே பெரும்பாலும் நிலையான இணைப்பைத் தரும். வடம் எட்டாத சிற்றூர்களுக்கும், அடிக்கடி வாடகை வீடு மாறும் குடும்பங்களுக்கும் அலைபேசிவழி அகன்ற அலைவரிசை இணைப்பே ஏற்றது. இதற்குத் தேவையானவை இரண்டு: ஒரு சிம் அட்டை, அதனை ஏற்கும் ‘ரௌட்டர்’ எனப்படும் திசைவி.

திசைவி கோபுரத்திலிருந்து வரும் அலையைப் பெற்று, அதனை அருகலையாக (வைஃபை) மாற்றி வீட்டிலுள்ள கருவிகளுக்கு வழங்குகிறது. ஆகவே, இங்கு இயங்கும் அலைகள் இரண்டு. கோபுரத்திற்கும் திசைவிக்கும் இடையில் ஒன்று. திசைவிக்கும் மடிக்கணினிக்கும் இடையில் மற்றொன்று. அருகலைக் குறியீடு முழுமையாக ஒளிர்ந்தும் இணையம் நகராமல் நிற்பதைப் பலரும் கண்டிருப்பர். இரண்டாம் அலை நன்றாக இருக்க, முதல் அலை மெலிந்திருப்பதும் அதற்கு ஒரு காரணமாகும். திசைவியின் அருகில் அமர்ந்து பார்த்தும் வேகம் கூடவில்லையெனில், குறை பெரும்பாலும் கோபுரத்தின் பக்கமே என அறியலாம்.

திருக்குறளில் தெரிந்துசெயல்வகையை அடுத்து வலியறிதல், காலமறிதல், இடனறிதல் என்னும் அதிகாரங்கள் தொடர்ந்து அமைந்துள்ளன. அரசர்க்குச் சொல்லப்பட்ட அம்மூன்று அறிதல்களும் இணையம் பெறுவோர்க்கும் பொருந்துவன.

வலியறிதல்

தமிழ்நாட்டில் ஏர்டெல், ஜியோ, வி.ஐ., பி.எஸ்.என்.எல். ஆகிய நிறுவனங்கள் அலைபேசிச் சேவை வழங்குகின்றன. இவற்றுள் சிறந்தது எது என்னும் வினாவிற்குப் பொதுவான விடை இல்லை. ஒரு தெருவில் சிறந்து விளங்கும் சேவை அடுத்த தெருவில் மெலியலாம். மாடியில் கிடைக்கும் அலை கீழ்த்தளத்தில் கிடைக்காது போகலாம். ‘என் வீட்டில் சிறந்தது எது?’ என்பதே கேட்கத்தக்க வினா.

அலைபேசியின் மேல்விளிம்பில் தோன்றும் கோடுகளை நம்பி முடிவெடுத்தல் ஆகாது. எத்தனை கோடுகள் காட்டுவது என்பதை ஒவ்வொரு தயாரிப்பாளரும் தம் விருப்பப்படி வகுத்துள்ளனர். அமைப்புகள் பகுதியில் அலையின் வலிமை ‘டிபிஎம்’ என்னும் அலகில் எண்ணாகவே தரப்பட்டிருக்கும். அது கழித்தல் குறியுடன் அமையும். சுழியத்தை நெருங்க நெருங்க வலிமை மிகும். நான்காம் தலைமுறை அலையில் –85 என்பது நல்ல நிலை. –110க்குக் கீழே இறங்கினால் இணைப்பு தடுமாறும். பத்து அலகு குறைந்தால் வலிமை பத்தில் ஒரு பங்காகும். இருபது குறைந்தால் நூறில் ஒரு பங்காகும். –85க்கும் –105க்கும் உள்ள வேறுபாடு எத்துணைப் பெரிதென இதனால் விளங்கும்.

உறவினர், அண்டை வீட்டார் ஆகியோரின் சிம் அட்டைகளை, அவர்கள் உடனிருக்க, ஒரே அலைபேசியில் மாற்றி மாற்றி இட்டு, ஒரே சன்னலருகில் வைத்து அளத்தல் வேண்டும். கருவியும் இடமும் மாறாதபோதுதான் ஒப்பீடு நேர்மையானதாக அமையும்.

காலமறிதல்

தெருக்குழாயில் ஒருவர் நீர் பிடிக்கும்போது குடம் விரைவில் நிறையும். பலர் ஒருங்கே பிடித்தால் ஒழுக்கு மெலியும். கோபுரமும் அத்தகையதே. அதன் கொள்திறனை அப்பகுதியில் உள்ள அனைவரும் பகிர்ந்துகொள்கின்றனர். காலை ஆறு மணிக்குப் பாய்ந்தோடும் இணையம் இரவு எட்டு மணிக்குத் தவழலாம். எனவே, காலை, நண்பகல், இரவு என மூவேளையும், சில நாள்கள் தொடர்ந்து வேகத்தைக் குறித்துக்கொள்ள வேண்டும். இந்தியத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் வெளியிட்ட ‘மைஸ்பீட்’ செயலி இதற்கு உதவும். பதிவிறக்க வேகத்துடன் பதிவேற்ற வேகத்தையும் குறித்தல் நன்று. விண்ணப்பத்திற்குச் சான்றிதழ் அனுப்புவோர்க்குப் பின்னதே இன்றியமையாதது.

கட்டணத் திட்டத்தையும் கணக்கிட்டே தேர்தல் வேண்டும். வேகம் பிட் கணக்கிலும், கோப்பின் அளவு பைட் கணக்கிலும் சொல்லப்படுகின்றன. எட்டு பிட் கொண்டது ஒரு பைட். நொடிக்கு 1 மெகாபிட் வேகத்தில் ஓடும் காணொலிப் பாடம் ஒரு மணி நேரத்தில் 450 மெகாபைட் தரவைச் செலவிடும். மூன்று பிள்ளைகள் தலா இரண்டு மணி நேரம் கண்டால் 2,700 மெகாபைட் தேவை. நாளொன்றுக்கு 2 ஜிகாபைட் தரும் திட்டம் அவ்வீட்டிற்குப் போதாது. ஒதுக்கீடு தீர்ந்தபின் வேகம் எவ்வளவாகக் குறையும் என்பதையும் கேட்டறிதல் வேண்டும். மேலும், 28 நாள் திட்டத்திற்கு ஆண்டில் பன்னிரண்டன்று, பதின்மூன்று முறை பணம் செலுத்த நேரும். மாதச் செலவாக மட்டும் நோக்குவோர் இதனைக் காணத் தவறிவிடுகின்றனர்.

> தெரியுமா?
> இந்தியாவில் ‘அகன்ற அலைவரிசை’ எனப்படுவதற்கு வேண்டிய குறைந்த அளவுப் பதிவிறக்க வேகம் 2004இல் நொடிக்கு 256 கிலோபிட். 2013இல் 512 கிலோபிட். 2023இல் 2 மெகாபிட்.

இடனறிதல்

சேவையை முடிவு செய்தபின்னரே திசைவியை வாங்க வேண்டும். 700, 850, 900 மெகாஹெர்ட்ஸ் போன்ற தாழ் அலைவரிசைகள் நெடுந்தொலைவு சென்று சுவரையும் ஓரளவு ஊடுருவும். ஐந்தாம் தலைமுறைக்குப் பயன்படும் 3300 மெகாஹெர்ட்ஸ் போன்ற உயர் அலைவரிசைகள் மிகுதியான தரவைச் சுமக்கும். ஆயின், தொலைவிலும் சுவரிலும் விரைவில் தேய்ந்துவிடும். நம் பகுதியில் நிறுவனம் பயன்படுத்தும் அலைவரிசைகளைத் திசைவி ஏற்குமா என்பதே முதலில் நோக்கத்தக்கது. ஒரு நிறுவனத்தின் சிம் அட்டையை மட்டுமே ஏற்குமாறு பூட்டப்பட்ட திசைவிகளும் உண்டு; அவற்றை வாங்கினால் பின்னர் நிறுவனத்தை மாற்ற இயலாது.

பயணம் செய்வோர்க்கு மின்கலத்துடன் கூடிய சிறு திசைவி ஏற்றது. வீட்டிற்கு, மின்னிணைப்பில் இயங்குவதும் வெளியே அலைவாங்கி பொருத்த வழியுள்ளதுமான கருவி சிறந்தது. வாங்குமுன், பயன்படுத்தாத பழைய அலைபேசி ஒன்றைச் சன்னலில் வைத்துத் திசைவிபோல் ஒரு வாரம் இயக்கிப் பார்க்கலாம். அச்சோதனையால் வீண்செலவைத் தவிர்க்கலாம்.

திசைவியைக் கோபுரத்தை நோக்கிய சன்னலருகில் உயரமாக வைக்க வேண்டும். இரும்புப் பீரோ, தண்ணீர்த் தொட்டி, தடித்த கான்கிரீட் சுவர் ஆகியவை அலையைத் தடுக்கும். அருகலையில் 2.4 கிகாஹெர்ட்ஸ் அடுத்த அறைவரை எட்டும்; 5 கிகாஹெர்ட்ஸ் அருகில் இருப்போர்க்கு விரைவு தரும். அலைபெருக்கி என விற்கப்படும் கருவியை உரிய அனுமதியின்றி நிறுவுதல் சட்டப்படி குற்றம். அது அண்டை வீட்டாரின் இணைப்பையும் குலைத்துவிடும்.

உரிமையும் காப்பும்

எண்ணை மாற்றாமலேயே நிறுவனத்தை மாற்றும் வசதி 2011 ஜனவரி 20 முதல் நாடெங்கும் நடைமுறையில் உள்ளது. குறை நேரின் 198 என்னும் எண்ணில் நிறுவனத்திடம் புகார் அளித்து, புகார் எண்ணைப் பெற்றுக்கொள்ள வேண்டும். அத்தீர்வு நிறைவளிக்காவிடில் அந்நிறுவனத்தின் மேல்முறையீட்டு அமைப்பை அணுகலாம். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

திசைவியுடன் வரும் கடவுச்சொல்லை முதல்நாளிலேயே மாற்றுதல் வேண்டும். வாசற்கதவைப் பூட்டிவிட்டுச் சாவியைத் திண்ணையில் வைப்பார் இலர்.

> தெரியுமா?
> இணையத்தை அணுகும் உரிமை கல்வி உரிமையின் ஒரு பகுதி எனக் கேரள உயர்நீதிமன்றம் 2019இல், கல்லூரி விடுதி மாணவி ஒருவர் தொடுத்த வழக்கில் தீர்ப்பளித்தது.

அளவே சான்று

இவ்வாறெல்லாம் அளந்தும் எந்நிறுவனத்தின் அலையும் எட்டாத ஊர்கள் உள்ளன. அங்கு வாழ்வோர் செய்த முயற்சி வீணன்று. நாள், நேரம், இடம், வலிமை, வேகம் ஆகியவற்றைக் குறித்த ஏடு ஒரு சான்றாகும். ‘எங்கள் ஊரில் இணையம் இல்லை’ என்னும் முறையீட்டினும், ‘எங்கள் ஊரின் இவ்விடங்களில், இவ்வேளைகளில், அளவு இவ்வளவே’ என்னும் முறையீடு வலிமை மிக்கது. அதனைக் கிராம சபையில் முன்வைத்துத் தீர்மானமாக்கலாம். நிறுவனத்திற்கும் அரசுக்கும் அனுப்பலாம்.

தொடக்கத்தில் கண்ட வீட்டை மீண்டும் எண்ணிப் பாருங்கள். சன்னலருகில் ஒரு சிறு திசைவி இருந்திருப்பின், தந்தை பணிக்குச் சென்ற பின்னரும் அம்மாணவியின் விண்ணப்பம் உரிய நேரத்தில் சென்று சேர்ந்திருக்கும். விளம்பரம் அனைவர்க்கும் ஒன்றையே சொல்லும். நம் வீட்டிற்கு ஏற்றது எது என்பதை நாமே அளந்துதான் அறிய வேண்டும். அறிந்து பெறுவோம்; பெறாதார்க்கும் கிடைக்க வழி காண்போம்.

கற்பவை கற்றபின்...

1. உங்கள் வீட்டின் மூன்று இடங்களில் மூவேளையும் அலையின் வலிமையையும் வேகத்தையும் அளந்து அட்டவணைப்படுத்துக.
2. உங்கள் குடும்பத்திற்கு நாள்தோறும் தேவைப்படும் தரவின் அளவைக் கணக்கிட்டு, அதற்கேற்ற திட்டத்தைப் பரிந்துரைத்து ஒரு பத்தி எழுதுக.
3. இணைய வசதி வேண்டி உங்கள் ஊராட்சித் தலைவருக்கு உரிய அளவீட்டுச் சான்றுகளுடன் விண்ணப்பம் வரைக.