ஒரே சுற்றறிக்கை, பதினான்கு முடிவுகள்

இணையத்தில் ஒரு சுற்றறிக்கையைத் தேடினால் சில நேரம் ஒரே கடிதம் பத்து இடங்களிலிருந்து வந்து வரிசையில் நிற்கும். வேறு சில நேரம், நேற்று கண்ணால் பார்த்த கடிதமே முடிவுகளில் இருக்காது. இரண்டுக்கும் காரணம் ஒன்றுதான். எது எதன் நகல் என்று தேடுபொறி தானாக ஒரு முடிவு எடுக்கிறது. அந்த முடிவு எப்படி எடுக்கப்படுகிறது என்பது கணினி ஆசிரியருக்கு மட்டும் உரிய செய்தி அல்ல. தேர்வுத் தேதியையும் விடுமுறை அறிவிப்பையும் செல்பேசியில் தேடிப் பார்த்து வகுப்புக்குச் சொல்லும் நம் எல்லோருக்கும் அது தொடர்புடையது.

பெரிய நூல்களின் கடைசியில் சொல்லடைவு இருக்கும். எந்தச் சொல் எந்தப் பக்கத்தில் வருகிறது என்று அது காட்டும். தேடுபொறியும் இணையப் பக்கங்களைப் படித்து இப்படி ஒரு சொல்லடைவைத்தான் முன்கூட்டியே தயாரித்து வைத்துக்கொள்கிறது. நாம் தேடும்போது அது இணையத்தைப் பார்ப்பதில்லை, தன் சொல்லடைவைத்தான் பார்க்கிறது. ஒரே பக்கம் நூறு இடங்களில் நகலெடுக்கப்பட்டிருந்தால் சொல்லடைவில் நூறு முறை ஏறும். 1997-இல் ஆந்த்ரே ப்ரோடரும் அவருடன் பணியாற்றியவர்களும் ஆல்டாவிஸ்டா தேடுபொறி சேகரித்திருந்த 3 கோடிப் பக்கங்களை ஒப்பிட்டுப் பார்த்தார்கள். ஏறத்தாழ 1 கோடியே 23 லட்சம் பக்கங்கள், பாதிக்கு மேல் ஒத்த இன்னொரு பக்கத்தோடு குழு சேர்ந்தன. இணையம் சிறுபிள்ளையாக இருந்த காலத்து நிலை அது.

அவர்கள் பயன்படுத்திய முறையை ஒன்பதாம் வகுப்புக் கணிதத்தில் 'கண மொழி' பாடம் முடிந்ததும் கரும்பலகையிலேயே செய்து காட்டலாம். நான் செய்து பார்த்திருக்கிறேன். ஒரு தொடரை எழுதி, அதை அடுத்தடுத்த மூன்று மூன்று சொற்களாக வெட்ட வேண்டும். 'தேர்வு திங்கட்கிழமை காலை பத்து மணிக்குத் தொடங்கும்' என்பதில் ஆறு சொற்கள். 'தேர்வு திங்கட்கிழமை காலை', 'திங்கட்கிழமை காலை பத்து' என்று வெட்டிக்கொண்டே போனால் நான்கு துண்டுகள் கிடைக்கும். இந்த நான்கும் ஒரு கணம். இன்னொரு தொடருக்கும் இப்படியே ஒரு கணம் எழுதி, இரண்டின் வெட்டில் உள்ள உறுப்புகளின் எண்ணிக்கையைச் சேர்ப்பில் உள்ள உறுப்புகளின் எண்ணிக்கையால் வகுத்தால் ஒப்புமை எவ்வளவு என்று கிடைத்துவிடும். இந்த வகுத்தலுக்கு ஜக்கார்ட் கெழு என்று பெயர். பால் ஜக்கார்ட் கணினி ஆள் அல்லர். ஆல்ப்ஸ் மலையில் எந்தெந்த இடத்தில் எந்தெந்தச் செடி வளர்கிறது என்று ஒப்பிட்டுக்கொண்டிருந்த தாவரவியலாளர்.

இப்போது 'திங்கட்கிழமை' என்பதை 'செவ்வாய்க்கிழமை' என்று மாற்றச் சொன்னேன். முதல் இரண்டு துண்டுகள் மாறும், கடைசி இரண்டு அப்படியே இருக்கும். வெட்டில் 2, சேர்ப்பில் 6, ஆகவே ஒப்புமை மூன்றில் ஒரு பங்கு. ஒரு மாணவி எழுந்து, நாளை மாற்றாமல் சொற்களை மட்டும் இடம் மாற்றினால் என்ன ஆகும் என்று கேட்டாள். 'திங்கட்கிழமை தேர்வு காலை பத்து மணிக்குத் தொடங்கும்' என்று எழுதிப் பார்த்தோம். அதற்கும் 2-இன் கீழ் 6. பொருள் சிறிதும் மாறாத தொடருக்கும், தேர்வு நாளே மாறிப்போன தொடருக்கும் இந்த முறை ஒரே மதிப்பெண் போடுகிறது. தமிழில் சொற்களை இடம் மாற்றி எழுதும் உரிமை நமக்கு அதிகம் என்பதால் இது தமிழில் கூடுதலாகவே நடக்கும்.

நீளமான கடிதத்தில் நிலைமை வேறு. 300 சொற்கள் உள்ள சுற்றறிக்கையில் 298 துண்டுகள் வரும். நடுவில் தேதி ஒன்று மட்டும் மாறினால் மூன்று துண்டுகள்தான் மாறும். வெட்டில் 295, சேர்ப்பில் 301. ஒப்புமை 98 விழுக்காடு! இரண்டும் ஒன்றே என்று பொறி சொல்லிவிடும். நமக்கோ அந்த ஒரு தேதிக்காகத்தான் திருத்தச் சுற்றறிக்கையே வந்திருக்கிறது.

எத்தனை விழுக்காடு ஒத்தால் நகல் என்று கொள்வது, நகலை என்ன செய்வது என்பதெல்லாம் யாரோ ஒருவர் அமைத்து வைக்கும் அமைப்புகள். கூகுளில் அதை அமைப்பவர்கள் நமக்கு எட்டாத தூரத்தில் இருக்கிறார்கள். ஆனால் நாமே ஒரு சிறிய தேடுபொறி வைத்துக்கொண்டால் அந்தப் பொறுப்பு நம் கைக்கு வந்துவிடும். எங்கள் பகுதி ஆசிரியர்கள் சேர்ந்து வினாத்தாள்கள், பயிற்சித்தாள்கள், சுற்றறிக்கைகள் எல்லாவற்றையும் ஒரு கணினியில் சேர்த்து வருகிறோம். அதில் தேடுவதற்கு அப்பாச்சி சோலர் என்ற கட்டணமில்லா மென்பொருளைக் கணினி அறிந்த நண்பர் நிறுவித் தந்தார். தேர்வுக் கால அட்டவணையைத் தேடியபோது பதினான்கு முடிவுகள் வந்தன. திறந்து பார்த்தால் பன்னிரண்டு ஒரே கடிதம். வாட்ஸ்அப்பில் சுற்றிச் சுற்றி ஒவ்வொரு முறையும் வேறு வேறு கோப்புப் பெயரோடு வந்து சேர்ந்தவை. மீதி இரண்டுதான் திருத்தக் கடிதத்தின் நகல்கள்.

நகல் நீக்கும் வசதி சோலரில் இருக்கிறது. ஒவ்வொரு ஆவணத்தின் உரையிலிருந்தும் அது ஒரு சுருக்கக் குறியீட்டை உருவாக்கும். நம் கைரேகை மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். ரேகை ஒத்தால் நகல். ஓர் எழுத்து மாறினாலும் ரேகை மாறும் கண்டிப்பான வகையும் உண்டு, சிறு மாற்றங்களைப் பொறுத்துக்கொள்ளும் தாராளமான வகையும் உண்டு. தாராளமான வகை, ஆவணத்தில் அடிக்கடி வரும் சொற்களை வைத்து ரேகை எடுக்கிறது. ஒரே ஒருமுறை வரும் சொல் பொதுவாக அதன் கணக்கில் சேராது. தேர்வுத் தேதி ஒரு கடிதத்தில் எத்தனை முறை வரும் என்று யோசித்துப் பாருங்கள்.

இதைவிட ஆபத்தானது இன்னோர் அமைப்பு. நகல் என்று தெரிந்தால் பழையதை அழித்துவிட்டுப் புதியதை வைத்துக்கொள்ளும்படி விடலாம், மென்பொருளின் இயல்பான அமைப்பே அதுதான். ஆனால் 'புதியது' என்றால் கடைசியாக ஏற்றியது என்று பொருளே தவிர, கடைசியாக வெளியிடப்பட்டது என்று பொருள் அல்ல. விடுப்பு முடிந்து வந்த ஒருவர் தன் செல்பேசியில் இருந்த பழைய கடிதத்தை இன்று ஏற்றினால், தாராள ரேகையும் அழிக்கும் அமைப்பும் சேர்ந்து திருத்தக் கடிதத்தைத் தேடலிலிருந்தே எடுத்துவிடும். யாருக்கும் தெரியாது. பதினான்கு முடிவுகள் எரிச்சலைத்தான் தரும், இது மாணவர்களை வேறொரு நாளில் தேர்வுக்கு வரவைக்கும்.

ஆகவே நாங்கள் கண்டிப்பான ரேகையையே தேர்ந்தோம். கோப்புப் பெயரை விட்டுவிட்டு உரையை மட்டும் ஒப்பிடச் செய்தோம். எதையும் அழிப்பதில்லை. ஒரே ரேகை உள்ளவற்றில் ஒன்று மட்டும் முடிவுகளில் தெரியும், மற்றவை உள்ளே இருக்கும். செல்பேசியில் எடுத்த படங்களை ஒப்பீட்டிலிருந்து விலக்கிவிட வேண்டியிருந்தது. படத்தில் உரை இல்லை. உரை இல்லாத ஒன்றும் உரை இல்லாத இன்னொன்றும் ஒன்றே என்று பொறி எடுத்துக்கொண்டால், எட்டாம் வகுப்பு அறிவியல் வினாத்தாளும் சத்துணவுக் கணக்குப் படிவமும் நகல்கள் ஆகிவிடும்.

தமிழ் எழுத்துக்கே உரிய தொல்லையும் உண்டு. 2010-இல் தமிழ்நாடு அரசு யூனிகோடைத் தரமாக ஏற்றது. அதற்கு முந்தைய கோப்புகளும், பழக்கம் விடாமல் பிறகு தட்டச்சு செய்தவையும் வானவில் போன்ற எழுத்துருக்களில் இருக்கின்றன. நம் கண்ணுக்கு அது தமிழ், பொறிக்கு அது ஆங்கில எழுத்துகளின் குவியல். யூனிகோடுக்குள்ளேயே 'கொ' என்ற எழுத்தின் கொம்பையும் காலையும் ஒரே குறியாகவும் சேமிக்கலாம், இரண்டு குறிகளாகவும் சேமிக்கலாம். திரையில் வேறுபாடு தெரியாது, கண்டிப்பான ரேகையோ இரண்டையும் வேறு என்று சொல்லும். ஒப்பிடும் முன் ஒரே வடிவத்துக்கு மாற்றும் படியை நாம்தான் சேர்க்க வேண்டும். சேர்த்தோம். வானவில் கோப்புகள் தேடலில் அகப்படுவதற்காக அவற்றுக்கும் படங்களுக்கும் தலைப்பை யூனிகோடில் கையால் தட்டச்சு செய்கிறோம். ஏற்றுபவர் கடிதத்தின் தேதியையும் தர வேண்டும், முடிவுகள் அந்தத் தேதிப்படி வரிசையாகும். இதற்குச் சிலர் முணுமுணுக்கத்தான் செய்கிறார்கள்.

கூகுளில் நம்மால் செய்ய முடிந்தது ஒன்று உண்டு. முடிவுகளின் கடைசிப் பக்கத்தில், ஒத்திருந்ததால் சில முடிவுகளை விட்டுவிட்டோம் என்ற சிறு குறிப்பு சில தேடல்களில் வரும். அதிலுள்ள இணைப்பைத் தொட்டால் விடுபட்டவையும் சேர்ந்து வரும். தேதி தொடர்பான தேடல்களில் அதுவரை போய்ப் பார்ப்பது நல்லது.

எங்கள் பதினான்கு முடிவுகள் இப்போது ஐந்தாகியிருக்கின்றன. முதலில் நிற்பது திருத்தக் கடிதம். அதன் கீழே பழைய கடிதம் யூனிகோடில் ஒன்று, வானவில்லில் ஒன்று, செல்பேசிப் படமாக இரண்டு. அந்தப் படங்களில் ஒன்றில் கடிதத்தைப் பிடித்திருந்தவரின் கட்டைவிரலும் விழுந்திருக்கிறது.