பட்டர்வொர்த்திலிருந்து கோத்தா பாருவுக்கு: சைக்கிள் ஓட எத்தனை லிட்டர் தண்ணீர்?

பள்ளி விடுமுறையில் பட்டர்வொர்த்திலிருந்து கோத்தா பாரு வரை சைக்கிளில் போகலாம் என்று நண்பர்களோடு பேசியிருக்கிறீர்களா? மேற்குக் கரையில் ஏறி மிதித்து, கிழக்குக் கரையில் இறங்கும் பயணம். கைப்பேசியில் வரைபடத்தைத் திறந்தால் 300 கிலோமீட்டருக்கு மேல் காட்டும். ஒரு நாளைக்கு 100 கிலோமீட்டர் என்று வகுத்து, நான்கு நாளில் முடிந்துவிடும் என்பீர்கள். வகுத்தது சரிதான். ஆனால் இந்தப் பாதையில் ஆளைச் சாய்ப்பவை ஏற்றமும் வெப்பமும். அவற்றைக் கிலோமீட்டரில் அளக்க முடியாது. ஜூலில்தான் அளக்க வேண்டும்.

பாலிங், கிரிக் தாண்டியதும் 1982-இல் திறக்கப்பட்ட கிழக்கு மேற்கு நெடுஞ்சாலை தொடங்குகிறது. தித்திவங்சா மலைத்தொடரைக் கடந்து ஜெலியில் இறங்கும் சாலை அது. அதன் உச்சி கடல் மட்டத்திலிருந்து 1,000 மீட்டருக்குச் சற்று மேல். உங்கள் எடை 55 கிலோ, சைக்கிளும் மூட்டையும் 20 கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள். 75 கிலோவை 1,000 மீட்டர் உயர்த்த, 75 × 9.8 × 1,000 = 735,000 ஜூல், அதாவது 735 கிலோ ஜூல் தேவை. சாலை நடுவில் இறங்கி இறங்கி ஏறுவதால் உண்மைக் கணக்கு இதைவிடக் கூடும்.

நம் தசைகளின் செயல்திறன் அதிகம் போனால் 25 விழுக்காடு. ஆகவே 735 கிலோ ஜூல் வேலை செய்ய, உணவிலிருந்து 2,940 கிலோ ஜூல் செலவாகும். ஏறத்தாழ 700 கிலோ கலோரி, நடுத்தர வாழைப்பழம் ஏழு. சாப்பாடு பெரிய கவலை இல்லை, பையில் அடங்கிவிடும். மீதி 2,205 கிலோ ஜூல் உடம்புக்குள் வெப்பமாக நிற்கிறதே, அதுதான் கவலை.

அதை வெளியேற்றும் முக்கிய வழி வியர்வை. மலாய்ப் பாடநூலில் 'ஹாபா பெண்டாம்' என்று படித்திருப்பீர்களே, அந்த உள்ளுறை வெப்பம் இங்கே வேலைக்கு வருகிறது. தோலில் ஒரு லிட்டர் வியர்வை ஆவியாக ஏறத்தாழ 2,400 கிலோ ஜூலை எடுத்துக்கொள்கிறது. அப்படியானால் ஏற்றத்துக்கு மட்டும் ஏறக்குறைய ஒரு லிட்டர் வேண்டும். அதுவும் ஒவ்வொரு துளியும் ஆவியானால்தான்! நம் ஊர்க் காற்றில் பாதி வியர்வை சொட்டிக் கீழே விழுகிறது. சொட்டும் துளி உடம்பைக் குளிர்விக்காது. தண்ணீரும் உப்பும் போனதுதான் மிச்சம்.

"அப்படியென்றால் காலையில் போகக்கூடாதா, சார்? காலையில்தானே ஈரப்பதம் 90 விழுக்காடு?" என்று கேட்பீர்கள். நல்ல கேள்வி. காலை 24 பாகை செல்சியசில் 90 விழுக்காடு என்றாலும், மதியம் 33 பாகையில் 55 விழுக்காடு என்றாலும், ஒரு கன மீட்டர் காற்றில் இருக்கும் நீராவி ஏறத்தாழ ஒன்றுதான்: 20 கிராம். எனவே வியர்வை ஆவியாவதில் பெரிய வேறுபாடு இல்லை. ஆனால் காலைக் காற்று தோலைவிடக் குளிர்ந்தது, வெப்பத்தை நேரடியாகவும் இழுத்துக்கொள்ளும். தலைக்கு மேல் வெயிலும் கிடையாது. காலையே நல்லது.

அதற்காக விடியுமுன் கிளம்பிவிடாதீர்கள். நெடுஞ்சாலையின் இரு பக்கமும் பெலும்-தெமெங்கோர் காடு. யானை கடக்கும் இடம் என்ற எச்சரிக்கைப் பலகைகள் அலங்காரத்துக்கு வைத்தவை அல்ல. நன்றாக வெளிச்சம் வந்தபின் புறப்பட்டு, பொழுது சாயுமுன் காட்டைத் தாண்ட வேண்டும். வெயில் ஒரு பக்கம், யானை ஒரு பக்கம். நடுவில் கிடைக்கும் நேரம் குறைவு. அதனால்தான் கிரிக்கிலிருந்து ஜெலி வரை ஒரே நாளில் போவதை நான் ஏற்கமாட்டேன். தெமெங்கோர் ஏரியில் உள்ள பண்டிங் தீவில் ஓர் இரவு தங்குங்கள். பின்னால் காரில் ஒரு பெரியவர் வராமல் இந்தப் பாதையே வேண்டாம்.

தண்ணீர் எவ்வளவு எடுப்பது? ஊரிலேயே அளந்து பாருங்கள். ஒரு மணி நேரம் வெயிலில் ஓட்டுமுன்னும், ஓட்டியபின் துடைத்துக்கொண்டும் எடை பாருங்கள். குறைந்த எடையோடு இடையில் குடித்த தண்ணீரையும் கூட்டினால், அது உங்கள் ஒரு மணி நேர வியர்வை: ஒரு கிலோவுக்கு ஒரு லிட்டர். கடையில்லாத தூரத்தைக் கடக்க ஆகும் மணிகளால் பெருக்குங்கள். வெறும் தண்ணீரையே குடித்துக்கொண்டிருந்தால் இரத்தத்தில் உப்பு நீர்த்துப்போகும். உப்புள்ள தின்பண்டமும் இருக்கட்டும். நண்பன் தள்ளாடினாலோ, பேச்சு குழறினாலோ அது வெறும் களைப்பு இல்லை, வெப்பத் தாக்கமாக இருக்கலாம். நிழலில் கிடத்தி, தண்ணீர் ஊற்றி விசிறிக்கொண்டே 999-ஐ அழையுங்கள்.

தேதியையும் பாருங்கள். நவம்பர் முதல் மார்ச் வரை வடகிழக்குப் பருவமழை. டிசம்பரில் கிளந்தானில் வெள்ளம் வரக்கூடும்.

உச்சியைத் தொட்டபின் சேர்த்துவைத்த 735 கிலோ ஜூலும் இறக்கத்தில் திரும்பி வரும். இரண்டு லிட்டர் தண்ணீரைக் கொதிக்கவைக்கப் போதுமான ஆற்றல் அது! ஒரு பங்கைக் காற்றுத்தடை வாங்கிக்கொள்ளும். மீதி பிரேக்கில் வெப்பமாகும். பிரேக்கை அழுத்தியபடியே இறங்காமல், விட்டு விட்டுப் பிடியுங்கள். நடுநடுவே நின்று ஆறவிடுங்கள். நின்றதும் டிஸ்க் எவ்வளவு சுடுகிறது என்று தொட்டுப் பார்க்க ஆசை வரும். இரண்டு சொட்டுத் தண்ணீர் தெளித்துப் பாருங்கள், விரல் வேண்டாம்.