தாம்பூலமும் வேர்க்கடலையும்

புற்றுநோய் வினைப்பயனால் வருவது என்று நம் அங்கத்தினர் பலர் எண்ணியிருக்கின்றனர். முதுமையும் பரம்பரையும் அதற்குக் காரணமாவதுண்டு. ஆயினும் நாள்தோறும் நாம் வாயிலிடும் பொருள்களுக்கும் அதில் பெரும்பங்கு உண்டு. செங்கற்பட்டுச் சீமைக்கு நெருக்கமான சிலவற்றை இங்குக் கூறுவோம்.

தறியில் அமர்ந்த நெசவாளர் கன்னத்தில் அடக்கிக்கொள்ளும் தாம்பூலம் முதலாவது. கையும் காலும் ஓயாத வேலையில் பசியையும் சோர்வையும் அது மறக்கச் செய்கிறது. ஆகையால் அதனைக் குறைகூறச் சற்றே தயங்குகிறோம். புகையிலை சேர்ந்த தாம்பூலம் புற்றுநோயை விளைவிக்கும் என்று பன்னாட்டுப் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம் 1985-லேயே தெரிவித்தது. "புகையிலையைத்தான் விட்டுவிட்டோமே" என்பார்க்கு 2004-இல் விடை வந்தது: புகையிலை இன்றியும் பாக்கே புற்றை விளைவிக்கும். நாள்தோறும் பாக்கு மெல்லுவோர்க்கு வாயின் உட்சதை இறுகி, வாய் திறக்கவே இயலாமற் போவதும் உண்டு. மணப்பந்தல் தட்டில் பாக்கு இருக்கட்டும். நாள் முழுதும் கன்னத்தில் வேண்டாம். இரண்டு மூன்று வாரங்களில் ஆறாத புண்ணோ வெண்படலமோ வாயில் காணின் மருத்துவரிடம் காட்டுக. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையாரின் முயற்சியால் 1954-இல் தோன்றிய அடையாறு புற்றுநோய் மருத்துவமனை நமக்குத் தொலைவிலில்லை.

மாமல்லபுரம், சதுரங்கப்பட்டினம் பக்கத்தவர் கருவாட்டைப் பற்றி வினவுவர். உப்பு மிகுந்த உணவை நித்தம் உண்பது இரைப்பைப் புற்றுக்கு இடந்தரும். என்றேனும் ஒருநாள் குழம்பில் இடுவதற்கு அஞ்ச வேண்டியதில்லை.

இனி உழவர் செய்தி. 1960-இல் இங்கிலாந்தில் லட்சத்துக்கு மேற்பட்ட வான்கோழிகள் மடிந்தன. அவை தின்ற கடலைப் பிண்ணாக்கில் பூஞ்சணம் உண்டாக்கிய நஞ்சே காரணம் என்று பின்னர்த் தெரிந்தது. அஃப்ளடாக்சின் எனப்படும் அந்நஞ்சு மனிதர்க்குக் கல்லீரற் புற்றை விளைவிக்கும். வறுத்தாலும் வேகவைத்தாலும் முற்றிலும் அழியாது. நம்மிடையே ஒரு வழக்கம் உண்டு: நல்ல காய் மண்டிக்குப் போகும், வணிகர் கழித்த கறுத்த, சுருங்கிய பருப்பு வீட்டுச் சட்னிக்கு வரும். காசு கொடுக்காதவன் ஒதுக்கியதை நம் பிள்ளைகளுக்கு ஊட்டுவதா? மாட்டுக்கு இட்டாலும் அந்நஞ்சு பாலில் இறங்கும்.

பிடுங்கிய காயை ஈரத்தோடு குவிக்கலாகாது. குலுக்கினால் பருப்பு கலகலவென ஒலிக்கும்வரை வெயிலில் உலர்த்துக. மழை வருமுன் மூடுக. மூட்டைகளைத் தரையிலும் சுவரிலும் படாமல் பலகைமேல் அடுக்குக. பூஞ்சணம் பிடித்த பருப்பைப் பொறுக்கிக் குழியிற் புதைத்துவிடுக.