காரின் மீட்டர் முள் பொய் சொன்னால்...

தோட்டத்து வீடுகளின் முன்னால் இன்று மோட்டார் சைக்கிளோடு காரும் நிற்கக் காண்கிறோம். பிள்ளைகளைப் பள்ளியில் விடவும், நோயாளியை மருத்துவமனைக்குக் கொண்டு செல்லவும் அது பேருதவியாய் இருக்கிறது. ஆயினும் நம் கைக்கு வருவது பெரும்பாலும் பிறர் ஓட்டிப் பழசான வண்டியே. அத்தகைய வண்டியில் எஞ்சினுக்கு முன்பே தளர்ந்து போவது, ஓட்டுநரின் கண்ணெதிரே உள்ள மீட்டர் பலகையாகும்.

பால்மரம் வெட்டும் அன்பர் ஒருவருக்கு நேர்ந்ததை இங்குச் சொல்வது பொருந்தும். அவருடைய காரில் வெப்பம் காட்டும் முள் எப்போதும் மேலேயே நின்றது. பட்டறையில் ரேடியேட்டரைக் கழுவினார்கள், தெர்மோஸ்டாட்டை மாற்றினார்கள். முள் இறங்கவில்லை. பெட்ரோல் முள்ளும் அதே நாட்களில் உயர்ந்து நின்றதை எவரும் பொருட்படுத்தவில்லை. ஓர் இரவு, காய்ச்சலில் துவண்ட மகளை ஏற்றிக்கொண்டு புறப்பட்டார். கால் தொட்டி பெட்ரோல் இருப்பதாக முள் காட்டியது. ஆனால், தோட்டத்துச் செம்மண் சாலையைத் தாண்டுவதற்குள் வண்டி நின்றுவிட்டது. தொட்டி வறண்டு கிடந்தது. அவ்வழியே வந்த லாரி ஒன்றுதான் அன்று அக்குழந்தையை மருத்துவமனை சேர்த்தது.

மறுவாரம் வேறொரு பட்டறைக்காரர் மீட்டர் பலகையைக் கழற்றிப் பார்த்து, சிறு பாகம் ஒன்றை மாற்றினார். இரண்டு முட்களும் ஒரே நேரத்தில் சரியாயின. இரண்டு நோய் என்று எண்ணியது ஒரே நோயாய் இருந்தது! எனவே, மீட்டரில் கோளாறு கண்டவுடன் நாம் கேட்க வேண்டிய முதல் கேள்வி இதுவே: கெட்டது ஒன்று மட்டுமா, அல்லது எவை எவை சேர்ந்து கெட்டன?

இரண்டு முட்கள் சேர்ந்து தவறினால்

1970களின் டட்சன் 120 ஒய் போன்ற பழைய கார்களில் பெட்ரோல் முள்ளும் வெப்ப முள்ளும் ஒரே முறையில் இயங்குகின்றன. இரண்டு உலோகங்களை ஒட்டிச் செய்த சிறு தகட்டின்மீது மெல்லிய கம்பி சுற்றப்பட்டிருக்கும். மின்சாரம் பாய்ந்து கம்பி சூடானால் தகடு வளையும். தகடு வளைந்தால் முள் நகரும். சாவியைத் திருப்பியதும் அம்முட்கள் துள்ளி எழாமல் மெல்ல மெல்ல ஏறுவதற்குக் காரணம் இதுவே.

பேட்டரியின் மின்னழுத்தமோ நிலையானதன்று. எஞ்சின் நிற்கும்போது ஏறத்தாழ 12 வோல்ட்டும், ஓடும்போது ஏறத்தாழ 14 வோல்ட்டும் இருக்கும். அந்த ஏற்ற இறக்கம் முள்ளைப் பாதிக்காதிருக்க, மின்னழுத்தத்தைக் குறைத்துச் சீராக்கித் தரும் சிறு பாகம் ஒன்று வைக்கப்பட்டது. இதனை ஸ்டெபிலைசர் என்பர். வண்டிக்குத் தக்கபடி சராசரியாக 7 முதல் 10 வோல்ட் வரை அது முட்களுக்கு வழங்கும். சில வண்டிகளில் அது தனியாக இருக்கும்; சிலவற்றில் ஒரு மீட்டருக்குள்ளேயே அடங்கியிருக்கும்.

இப்பாகத்தின் தொடுமுனைகள் ஒட்டிக்கொண்டாலோ, அதன் எர்த் இணைப்பு விட்டுப்போனாலோ பேட்டரியின் முழு மின்சாரமும் முட்களுக்குச் செல்லும். இரண்டும் உள்ளதைவிட அதிகமாகக் காட்டும். தொடுமுனைகள் திறந்தே நின்றுவிட்டால் இரண்டும் எழாமல் கிடக்கும். மேற்சொன்ன அன்பரின் வண்டியில் நிகழ்ந்தது முதல் வகையாகும்.

ஒரு முள் மட்டும் தவறினால்

ஒன்று மட்டும் தவறாகக் காட்டினால், ஸ்டெபிலைசரைச் சந்தேகிக்க வேண்டியதில்லை. பெட்ரோல் முள்ளாயின், தொட்டிக்குள் உள்ள மிதவையையும் அதன் கம்பியையும் பார்க்க வேண்டும். வெப்ப முள்ளாயின், எஞ்சினில் பொருத்தியுள்ள வெப்ப உணர்வியையும் அதன் கம்பியையும் பார்க்க வேண்டும். பெரும்பாலான ஜப்பானிய வண்டிகளில் வெப்ப உணர்வியின் கம்பி கழன்றுவிட்டால் முள் குளிர்ந்த நிலையிலேயே கிடக்கும். அக்கம்பி உரிந்து எஞ்சின் இரும்பைத் தொட்டால் முள் உச்சிக்கு ஏறும். ஆகவே, விலை கொடுத்து எதையும் வாங்குவதற்கு முன் கம்பியைக் கண்ணால் பார்த்துவிடுவது நலம். பெட்ரோல் தொட்டியருகே கம்பியைத் தொட்டுச் சோதிக்கும் வேலையை மட்டும் பட்டறைக்காரரிடமே விட்டுவிடுங்கள். ஒரு பொறி போதும், பெட்ரோல் ஆவி தீப்பிடிக்க.

வேக முள் மட்டும் ஆடினால் அல்லது நின்றால், கியர்பெட்டியிலிருந்து வரும் கேபிள்தான் பெரும்பாலும் காரணம். முள் நடுங்கினால் கேபிள் உலர்ந்திருக்கலாம் அல்லது மடங்கியிருக்கலாம். வேகம், தூரம் இரண்டுமே நின்றுவிட்டால் கேபிள் அறுந்திருக்கலாம். வேக முள் சரியாக இருந்து தூரக் கணக்கு மட்டும் நின்றால், மீட்டருக்குள் உள்ள பற்சக்கரம் தேய்ந்திருக்கலாம்.

எல்லாம் சேர்ந்து தவறினால்

முட்களும் விளக்குகளும் ஒருசேர நின்றால் முதலில் பியூஸைப் பாருங்கள். முன்விளக்கைப் போட்டவுடன் முட்கள் இடம் மாறினாலும், சிக்னல் போடும்போது வேறு விளக்குகள் மங்கி மினுங்கினாலும் எர்த் இணைப்பு சரியில்லை என்று கொள்ளலாம். நம் நாட்டு ஈரக்காற்றும் தோட்டச் சாலையின் புழுதியும் பலகையின் பின்னுள்ள செம்புத் தடங்களிலும் செருகிகளிலும் பாசம் பிடிக்கச் செய்கின்றன. பேட்டரியின் எதிர்முனைக் கம்பியைக் கழற்றி வைத்த பிறகு, செருகியை எடுத்து, பென்சில் அழிப்பானால் தடத்தை மெல்லத் தேய்த்துத் துடைத்தாலே பல கோளாறுகள் தீர்ந்துவிடும். புதிய பியூஸ் உடனே எரிந்துபோனால் பெரிய பியூஸ் போடக் கூடாது. கம்பி உருகித் தீப்பற்றும்.

எரியாத சிவப்பு விளக்கு

முட்களைவிட முக்கியமானவை எச்சரிக்கை விளக்குகள். எஞ்சினை இயக்காமல் சாவியை மட்டும் திருப்பும்போது எண்ணெய் விளக்கும் பேட்டரி விளக்கும் எரிய வேண்டும். எஞ்சின் ஓடியதும் அணைய வேண்டும். சாவியைத் திருப்பியும் எரியாத விளக்கு, "குறையொன்றும் இல்லை" என்று சொல்லவில்லை. அது வாய் மூடிய காவற்காரனாகும். மேலும், பல பழைய வண்டிகளில் பேட்டரி விளக்கின் வழியே செல்லும் சிறு மின்சாரமே ஆல்டர்னேட்டரைத் தொடக்கி வைக்கிறது. அந்தச் சிறு பல்பு எரிந்துபோனால் பேட்டரியே சார்ஜ் ஏறாமல் போகக்கூடும்.

ஓடும்போது எண்ணெய் விளக்கு எரிந்தால், பாதுகாப்பான ஓரத்தில் நிறுத்தி எஞ்சினை உடனே அணைத்துவிடுங்கள். எண்ணெய் அளவு குறைந்திருந்தால் ஊற்றிப் பார்க்கலாம். அளவு சரியாக இருந்தும் விளக்கு எரிந்தால், வண்டியை இழுத்துச் செல்வதே சிக்கனம்.

வெப்ப முள்ளைக் குறித்தும் ஓர் எச்சரிக்கை உண்டு. உயர்ந்திருந்த முள் திடீரெனக் கீழே விழுந்தால் மகிழ்ந்துவிடாதீர்கள். தண்ணீர் முழுதும் ஒழுகிப் போய், உணர்வி வெறும் காற்றில் நிற்பதாலும் அப்படி நிகழும். நிறுத்தி, ஆறவிட்டுப் பாருங்கள். சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறக்கவே கூடாது. அழுத்தத்தில் இருக்கும் கொதிநீர் முகத்தில் பீறிடும்.

நாம் செய்யத்தக்கவை

மீட்டர் சரியாகும் வரை முள்ளை நம்பாதீர்கள். தொட்டியை நிரப்பியவுடன் தூரக் கணக்கைக் குறித்து வைத்து, எத்தனை கிலோமீட்டருக்கு ஒரு முறை நிரப்புவது என்று கணக்கிட்டுக்கொள்ளுங்கள். வாரம் ஒரு முறை, எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது தண்ணீரையும் எண்ணெயையும் பாருங்கள்.

பட்டறைக்குச் செல்லும்போது, "மீட்டர் கெட்டுவிட்டது" என்று மட்டும் கூறாமல், எந்தெந்த முள், எப்போது, எந்தப் பக்கம் சாய்ந்தது என்பதைத் தாளில் எழுதிக் கொண்டு செல்லுங்கள். முழுப் பலகையையும் மாற்ற வேண்டும் என்று சொன்னால், பியூஸ், எர்த், ஸ்டெபிலைசர் ஆகிய மூன்றையும் பார்த்தாயிற்றா என்று பணிவோடு கேளுங்கள். வியர்வை சிந்திச் சேர்த்த வெள்ளி வீணாகாமல் இருக்கும். நள்ளிரவில் நோயாளியோடு புறப்படும் வண்டியும் நடுவழியில் நில்லாது போய்ச் சேரும்.